கூரைக்காரரின் ஏழாவது தோல்

“தொப்பி போட்டா முடி கொட்டும்டி, தெரியாம பேசாதே.”

“கொட்டறதுக்கு அங்க என்னங்க மிச்சம் இருக்கு? நாளைக்காவது போட்டுக்கிட்டு ஏறுங்க.”

“கறுப்புக் கண்ணாடி வேற வாங்கி வெச்சிருக்கா! நான் என்ன நடிக்கவா போறேன்?”

மனைவியிடம் இப்படிச் சொல்லிக்கொண்டே கூரைக்காரர் சட்டையைக் கழற்றினார். சட்டையோடு தோலும் வந்தது. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை எங்கும் கிழியாமல் ஒரே துண்டாக வந்த அது, அவருடைய ஏழாவது தோல். கோடைக்கு ஒன்றாக உரிந்துகொண்டிருந்தது. வீட்டிலேயே துணி தைத்துக்கொண்டிருந்த மனைவி எழுந்து, அதை இரண்டு முறை உதறிக் கொடியில் போட்டு, தோளுக்கு ஒன்றாகக் கிளிப் மாட்டினார்.

அவர் தொழில் வீடுகளுக்குத் தகரக்கூரை மாட்டுவது. புதுத் தகரம் மேலே விழும் வெயிலைத் திருப்பி முகத்திலேயே அடிக்கும். ஆக இரண்டு பக்கமும் வெந்தார். ஆனால் ஸ்கூட்டர் வேகக் கூடாது. இருக்கை வெடித்துவிடுமே என்று நிழல் தேடி நிறுத்தி, பழைய தோல்களில் ஒன்றைப் போர்த்திவிட்டுத்தான் ஏணியில் கால் வைப்பார். பொருளைப் பேணத் தெரிந்தவர் என்று தெரு அவரைப் புகழ்ந்தது. செடிக்குப் பச்சை வலை, காருக்கு உறை, ரிமோட்டுக்குக்கூட பிளாஸ்டிக் உறை போடும் தெரு அது. மனிதன் தன்னை மூடிக்கொண்டால் மட்டும் சிரிக்கும். முகத்தில் பூச மனைவி வாங்கிவந்த வெயில் களிம்பை அவர் கதவுக் கீலுக்குத் தடவினார். அந்தக் கீல் இன்றுவரை கறுக்கவில்லை.

மறுநாள் மனைவி அவரை இழுத்துக்கொண்டு போனபோது, கண் டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்து, வெள்ளை விழியில் வளர்ந்த சதை கருவிழிக்குள் வந்துகொண்டிருக்கிறது, நடுவுக்கு வந்துவிட்டால் கூரை எங்கே முடிகிறது என்றே தெரியாது என்றார். இப்படியே வெயிலில் நின்றால் வெட்டி எடுத்தாலும் திரும்ப வளரலாமாம்.

“இது வெயில்ல வளந்த ஒடம்பு டாக்டர்.”

“ஆமா, அந்தச் சதையும் அங்கதான் வளந்திருக்கு.”

மூன்றாம் நாள் காலையில் ஏழாவது தோல் கொடியிலிருந்து இறங்கியது. முழுக்கைச் சட்டை போட்டு, மூக்கிலும் பிடரியிலும் காதுக்குப் பின்னாலும் மறக்காமல் களிம்பு பூசி, தொப்பி வைத்து, கறுப்புக் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பியது. கண்ணே இல்லாத தோல் கண்ணாடி இல்லாமல் வாசலைத் தாண்டவில்லை. வெளிச்சம் வந்ததும் கூரையேறும்; பதினொரு மணிக்கு இறங்கித் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்துவிடும்; வெயில் சாய்ந்த பிறகுதான் மறுபடி ஏணி. கூட வேலை செய்யும் மைத்துனன், மாமா ஒருவழியாகத் திருந்திவிட்டார் என்றே நினைத்திருந்தான். உள்ளே ஆள் இல்லை என்பது இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

“அதனாலென்னக்கா, வேலை சுத்தமா இருக்கு” என்றான். அக்கா, தோலுக்குத் தொளதொளத்த சட்டையின் பக்கத் தையலை இரண்டு விரல் உள்ளே பிடித்துக் கொடுத்தார்.

அதுவரை வேறொரு வீட்டில் தனியாகத் தகரம் மாட்டிக்கொண்டிருந்த கூரைக்காரர் மட்டும், அதன்பிறகு வீம்புக்கு வெறுந்தலையோடு மூன்று வருடம் அதன் கூடவே ஏறினார். சதை வளர்ந்தது. முதல் வருடம் திருகாணி இடம் தவறி இறங்கியது, இரண்டாம் வருடம் தகரம் கோணியது, மூன்றாம் வருடம் விளிம்பு என்று நினைத்து வானத்தில் கால் வைத்தார். மைத்துனன் பிடித்துக்கொண்டான். அதன்பிறகு கீழே நின்று திருகாணி எடுத்துக் கொடுப்பதுதான் வேலை. அதையும் நட்டநடு வெயிலில் நின்றே செய்தார். எட்டாவது தோல் வளரவேயில்லை. உரிக்க ஒன்றும் மிச்சமில்லாத உடம்பில் வெயில் நேராகவே இறங்கியது.

நான்காம் கோடையில் ஒரு நண்பகல், இரண்டு கைகளையும் முன்னால் நீட்டித் தடவிக்கொண்டே அவர் தார்ப்பாய் ஓரத்துக்கு வந்தார். உள்ளே மைத்துனனும் தோலும் கால் நீட்டி உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். எது மைத்துனன், எது தோல் என்று அவருக்குத் தெரியவில்லை. பொதுவாகக் குனிந்து கேட்டார்.

“கொஞ்சம் தள்ளி உக்காருப்பா... எனக்கும் ஒரு ஆள் எடம் குடு.”