பத்து விநாடிப் புள்ளி

நாளைக் காலை எட்டு மணிக்கு என் ஆண்டெனா கம்பி மொட்டை மாடியை விட்டு இறங்கிவிடும். வீட்டுக்காரர் மேலே இன்னொரு தளம் எழுப்பப்போகிறார். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு பல் டாக்டரோடு அந்தக் கம்பி வழியாக ரேடியோவில், மோர்ஸ் புள்ளி கோடுகளால் பேச மூன்று வருடமாக முட்டி மோதுகிறேன். எங்களுடையது தாழ்ந்த அலைவரிசை. பொழுது சாயும்போது ஒரு மணி நேரம்தான் அவ்வளவு தூரம் எட்டும். ஆக, இன்று விட்டால் போச்சு.

என் கால் சைன், அதாவது ரேடியோவில் என் அடையாள எழுத்துகள், அவருக்குக் கிடைக்க வேண்டும், அவருடையது எனக்கு. பிறகு ‘கிடைத்தது’ என்று இருவரும் அனுப்ப வேண்டும். அந்தக் கடைசி ‘கிடைத்தது’ வந்து சேராவிட்டால் தொடர்பு செல்லாது. வேறு வழியில் சேதி போகக் கூடாதென்று அந்த ஒரு மணி நேரம் போனையும் அணைத்து வைத்துவிடுவோம். பொய் சொன்னால் கண்டுபிடிக்க ஆளே கிடையாது. அதனாலேயே யாரும் சொல்வதில்லை.

இரண்டு வாரமாக எங்களுக்குள் ஒரே வழக்கு. சாதாரண வேகத்தில் கையால் தட்டினால் ஐந்து நிமிடத்தில் வேலை முடியும், ஆனால் காதில் விழும் அளவுக்குச் சத்தம் வர வேண்டும். ஒரு புள்ளிக்குப் பத்து விநாடி என்று கம்ப்யூட்டரை விட்டு மெதுவாக அனுப்பினால், காதுக்கு எட்டாததும் திரையில் கோடாகத் தெரியும். கால் சைன் ஒன்றுக்கே பன்னிரண்டு நிமிடம் பிடிக்கும், அவ்வளவுதான்.

“செடி வளர்றதப் பாக்கற மாதிரி இருக்கு சார். ஒரு தடவையாவது நீங்க கையால தட்டறதக் கேக்கணும்” என்றார் டாக்டர் போனில்.

“கை கிடக்கட்டும் டாக்டர். முதல்ல காரியம் முடியட்டும்.”

“சரி, உங்க இஷ்டம். அன்னிக்கு சத்தம் நல்லா வந்தா பாத்துக்கலாம்.”

நான் ஜெயித்த சந்தோஷத்தில் அந்தக் கடைசி வாக்கியத்தைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இன்று பொழுது சாய்ந்ததும் மோர்ஸ் தட்டும் கீயைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கம்ப்யூட்டர் ஒயரை மாட்டினேன். ஸ்பீக்கரை அணைத்தேன். என் கால் சைன் பன்னிரண்டு நிமிடம் போய் முடிந்தது. இனி அவர் முறை. மெல்லிய கோடாக வர வேண்டிய இடத்தில், எண்ணெய்க் கையால் தடவினாற்போல் ஒரு தடித்த பிசிறு வந்து உட்கார்ந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கீழ்வீட்டுத் தையல்காரர் மெஷின் கிளப்பும் மின் இரைச்சல்தான், வேறென்ன. மாடிப்படியில் தடதடவென்று இறங்கினேன்.

“அண்ணே, மெஷின்ல இன்னும் நூலே கோக்கல. டீ குடிச்சிட்டிருக்கேன்” என்றார் அவர்.

“அப்ப லைட்டு?”

அவர் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டு இருட்டில் டம்ளரோடு உட்கார்ந்தார். மேலே ஓடி வந்து பார்த்தால் பிசிறு அப்படியே இருந்தது. திரும்ப இறங்கி எதிர்வீட்டு மோட்டாரை நிறுத்தச் சொல்லி, அவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தேன். இப்படியே அரை மணி நேரம் ஓடியது.

“ஏங்க, அந்த ஸ்பீக்கரத்தான் கொஞ்சம் வச்சுப் பாருங்களேன்” என்றாள் மனைவி.

“இது காதால கேக்கற விஷயம் இல்ல. உனக்குத் தெரியாது.”

அவள் எட்டிக் குமிழைத் திருகினாள். அறை முழுக்கக் கணீரென்று மோர்ஸ். என் கால் சைன், கூடவே அவருடையது. டாக்டர் கையால், சாதாரண வேகத்தில் தட்டிக்கொண்டிருந்தார். பத்து விநாடிக்கு ஒரு புள்ளி எதிர்பார்த்த திரை, அத்தனையையும் அள்ளி ஒரே பிசிறாக அப்பியிருந்தது. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

கீ எங்கே வைத்தேன் என்று ஞாபகமில்லை. ஒயரை வெட்டி, பல்லால் தோலை உரித்து, கீக்குப் பதிலாக இரண்டு முனைகளையும் கையால் தொட்டுத் தொட்டு அனுப்பினேன். அவர் கால் சைன், என்னுடையது, சத்தம் எப்படி வருகிறது என்ற விவரம். அவரும் தன் விவரத்தை அனுப்பினார். நான் ‘கிடைத்தது’ அனுப்பினேன். இனி அவருடைய ‘கிடைத்தது’ மட்டும்தான் பாக்கி. அதற்குள் சத்தம் தேய்ந்துபோனது. காதை ஸ்பீக்கரில் ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெறும் இரைச்சல். ஜன்னலுக்கு வெளியே முழுசாக இருட்டிவிட்டது.

போனை உயிர்ப்பித்த உடனே டாக்டர் கூப்பிட்டார்.

“சார், கேட்டுட்டேன். உங்க கை இவ்ளோ முரடா இருக்கும்னு நினைக்கவே இல்ல. என் கடைசி ‘கிடைத்தது’ வந்துச்சுல்ல?”

மனைவி என் முழங்கையைத் தொட்டாள். “வந்துச்சுன்னு சொல்லிடுங்களேன். மூணு வருஷம்ங்க” என்று கிசுகிசுத்தாள்.

“வரல டாக்டர்.”



“அதுக்கு முன்னாடி அரை மணி நேரமா நிறுத்தாம உங்களக் கூப்பிட்டுட்டே இருந்தேனே சார். அப்ப நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

“திரையப் பாத்துட்டிருந்தேன்” என்றேன்.