ஷிமுன் போட்டிருந்த பனிக்காலணி

ஊரிலிருந்து புறப்பட்ட ஐந்தாம் நாள் நண்பகல். முன்னால் போய்க்கொண்டிருந்த என் மனைவி நிஷாபெத் சறுக்குவண்டியின் இழுவைக் கயிற்றை நழுவவிட்டு நின்றுவிட்டாள். உறைந்த ஏரியின் குறுக்கே போன ஒரு தடத்தைக் குனிந்து பார்த்தபடி நின்றாள்.

இறுகிய பனியின்மேல் மெல்லிசாகப் புதுப்பனி விழுந்திருந்தது. அதில் யாரோ நடந்துபோன பனிக்காலணியின் தோல்வார் வலை அச்சடித்ததுபோலப் பதிந்திருந்தது. பனியில் கால் அமுங்காமல் தாங்கும் இந்தக் காலணிக்கு எங்கள் மக்களில் மரச்சட்டம் வளைப்பது ஆண்கள், வலை பின்னுவது பெண்கள். தான் பின்னிய வலை எந்தப் பெண்ணுக்கும் தெரியாமல் போகாது.

"இது என் கைவேலைங்க. முன்பக்கம் மூணு கண்ணு சேர்ந்து கிடக்கு பாருங்க. ஷிமுனுக்கு மட்டுந்தான் அப்படிப் போட்டேன்."

ஷிமுன் அவளுடைய தம்பி. இரண்டு குளிர்காலத்துக்கு முன் ஐஸ் உடைந்து ஆற்று முகத்தில் மூழ்கினான். கூடப் போன நண்பன் பியென்தான் வந்து சொன்னான். காலணி காலிலேயே மாட்டியிருந்ததால் நீந்த முடியாமல் போனான் என்றான். அந்தக் கோடை முழுக்க வலை போட்டுத் தேடினோம். எதுவும் கிடைக்கவில்லை.

அவன் உயிரோடு இருக்கிறான் என்று அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. பொருள்களை எல்லாம் அங்கேயே விட்டுவிட்டு ஓடத் தொடங்கினாள். நான் கோடரியை மட்டும் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

ஒரு மணி நேரம் ஓடியிருப்போம். மரங்களுக்கு நடுவில் ஒரு கித்தான் கூடாரம், அடுப்புக் குழாயில் புகை. வாசலில் அந்தக் காலணிகள் பனியில் செருகி நின்றன. அவள் தம்பி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தவன் பியென்.

அவன் அவளைப் பார்த்தான், காலணியைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"இதோடதான் அவன் முழுகினான்னு சொன்னே," என்றாள்.

பியென் தலையைக் குனிந்துகொண்டான். "என்னோட காலணிச் சட்டம் உடைஞ்சு போச்சுக்கா. காய்ச்சல் வேற. 'அமுங்கிச் சாகாதடா மடையா, இதை மாட்டு'ன்னு கழட்டிக் குடுத்தான். அவன் பனிக்காலணி இல்லாம முன்னால போனான். ஏரி குறுகுற இடத்துல அடியில தண்ணி ஓடுது, ஐஸ் மெலிசு. நான் நிமிந்து பாத்தப்ப ஆளே இல்ல."

"ஆத்து முகத்துலன்னுதானேடா சொன்னே?" என்றேன்.

"ஆள் கிடைச்சா கால்ல காலணி இல்லாததைப் பாப்பீங்களே மாமா."

காலணிகளை மரத்தில் பரண் கட்டி ஒளித்து வைத்திருக்கிறான். இந்த வாரம் தன்னுடைய காலணியின் வலை அறுந்துவிட்டது; இந்தப் பக்கம் யார் வரப்போகிறார்கள் என்று மாட்டிக்கொண்டிருக்கிறான்.

அவனை அறைவாள் என்று நினைத்தேன். அவள் பனியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு மணி நேரம் தம்பி அவளுக்கு உயிரோடு இருந்தான். தூக்கிப் பிடித்தபோது அவள் கை கட்டைபோல விறைத்திருந்தது. அடுப்பருகே உட்கார வைத்தேன். பியென் ஊற்றிக் கொடுத்த டீ அவள் கையிலேயே ஆறிப்போனது.

பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்: "குடுக்கறப்ப சிரிச்சானா?"

"சிரிச்சான்க்கா," என்று சொன்னவன் உடைந்து அழுதான்.

அவள் அவனுடைய அறுந்த காலணியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தோல்வாரைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, அவன் முகத்தைப் பாராமலே, பொழுது சாய்வதற்குள் பின்னி முடித்தாள். அந்த இடத்துக்கு அவன் வழி காட்ட வேண்டுமே.

மறுநாள் காட்டினான். ஐஸ் கரைந்ததும் படகில் போனோம். மூன்றாம் முறை கொக்கி வீசியபோதே ஷிமுனின் கோட்டு மாட்டியது.