இன்னும் ஒரு நாள்

பேருந்து நிலையத்துக்கு எதிரே அந்தத் தம்பதி நடத்திய லாட்ஜ் சின்னது. வருகிறவர்களை முகம் பார்த்தே எடைபோட்டுவிடுவார் முதலாளி. "இவன் துண்டைச் சுருட்டுவான் பாரு" என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

மாடி அறைக்கு வந்த கண்ணாடி வியாபாரியை அவருக்குப் பிடித்திருந்தது. இருக்கிற இடம் தெரியாத மனிதர். அவருக்குத்தான் காய்ச்சல் கண்டது. சுவரைப் பிடித்தபடி படியிறங்கி வந்து கேட்டார்.

"இன்னும் ஒரு நாள் இருந்துக்கட்டுமா? காய்ச்சல் விட்டதும் கிளம்பிடுறேன்."

"ரூமை வேற ஆளுக்குச் சொல்லிட்டேனே சார்." பச்சைப் பொய்.

மனைவி அவரைத் தனியே இழுத்தாள். "ஏங்க, மனுஷன் நிக்க முடியாம நிக்கிறாரு."

"உள்ள ஏதாவது ஆயிட்டா போலீசு, விசாரணைன்னு அலையப்போறது யாரு? அப்புறம் ஒருத்தன் இங்க தங்குவானா?"

வியாபாரியின் காதில் அது விழுந்திருக்க வேண்டும். மேலே போய்ப் போர்வையை மடித்து வைத்தார். "தொந்தரவு கொடுத்துட்டேன்" என்று சாவியை நீட்டிவிட்டுக் கிளம்பினார். சாயங்காலம் எதிர்ப்பக்கப் பெஞ்சில் உட்கார்ந்தபடியே உயிர் போயிருந்தது. கூட்டத்தோடு கூட்டமாக முதலாளியும் போய்ப் பார்த்தார். யாரென்று போலீஸ்காரர் கேட்டபோது தெரியாது என்றார்.

அடுத்த வாரம் அந்த அறையில் தங்கிய டீச்சர் காலையில் இறங்கி வந்து கேட்டாள். "விடியுற நேரத்துல கதவைத் தட்டினது யாருங்க? இன்னும் ஒரு நாள் இருந்துக்கட்டுமான்னு கேட்டாரு. திறந்தா ஆளில்ல."

பிறகு வந்த லாரி டிரைவரும் அதையே சொன்னார்.

"அந்த ரூமைப் பூட்டிடலாம்" என்றார் முதலாளி மனைவியிடம்.

"மறுபடியும் வெளிய தள்ளப்போறீங்களா?"

அவள் சலவை விரிப்பை எடுத்துக்கொண்டு மாடியேறினாள். கட்டிலில் விரித்தாள், கூஜாவில் தண்ணீர் வைத்தாள். "இருங்கண்ணே, எவ்வளவு நாள் வேணும்னாலும் இருங்க" என்றாள் வெற்று அறையைப் பார்த்து. பின்னாலேயே வந்த முதலாளி வாசலில் நின்றார்.

"ரூம் காலியாத்தான் சார் இருந்துச்சு" என்றவர், அப்படியே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அதன்பின் தங்கியவர்கள் யாருக்கும் கதவு தட்டும் சத்தம் கேட்கவில்லை. ஆனால் முதலாளிக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. விடிவதற்குள் எழுந்து மாடிப்படியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்.

"தட்டவே மாட்டேங்குறாரே" என்பார்.

"மன்னிச்சுட்டாருன்னு நினைச்சுக்கங்க" என்பாள் மனைவி.

"இல்லடி. கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரு."