ஆற்றில் விடமுடியாத பிள்ளையார்

ரிசப்ஷன் ஷிஜா என் மேசையில் வைத்துவிட்டுப் போன கூரியர் உறைக்குள் ஏதோ கனமாகக் குலுங்கியது. பிரித்துக் கவிழ்த்தேன். எங்கள் கம்பெனிப் பிள்ளையார், இரண்டு துண்டாக. தும்பிக்கையைத் தனியே அறுத்திருந்தார்கள். தொந்தியில் தங்க நிறப் பெயின்டைச் சுரண்டிய இடம் வெளுத்துக் கிடந்தது. கூடவே, ஆள் பெயரில்லாமல் கம்பெனிக்கு என்று மட்டும் எழுதிய, பெங்களூர் சோதனைக்கூடத்தின் சீட்டு. சோதனை முடிந்த மிச்சத்தை ஆறு மாதம் வைத்திருந்து திருப்பி அனுப்புகிறார்களாம். சோதித்த மாதம் ஜனவரி.

ஜனவரியில் நான் எந்தப் பிள்ளையாரையும் அனுப்பவில்லை. அனுப்பவேண்டும் என்று நான் வாயைத் திறந்ததே மார்ச்சில்தான்.

நாங்கள் செய்வது ஸ்லோகப் பெட்டி. பாப்பனங்கோட்டில் நாற்பது பேர் வேலை பார்க்கிற சின்னக் கம்பெனி. பொத்தானை அமுக்கினால் பெட்டி பாடும், அவ்வளவுதான். நெதர்லாந்து வியாபாரி ஒருவர் இரண்டாயிரம் பெட்டி கேட்டார். குழந்தைகள் உள்ள வீடுகளுக்காம், அதனால் ஒவ்வொன்றோடும் வயிற்றில் விளக்கு எரிகிற குட்டிப் பிள்ளையாரும் வேண்டுமாம். பிள்ளையாரை வெறும் பொம்மையாகத் தனியே விற்றால் அந்த நாட்டு மின்சாதன விதி அவரைத் தொடாது. வயிற்றில் விளக்கை வைத்து, ஒயரை மாட்டி, பெட்டியோடு சேர்த்து விற்றால் அவரும் மின்சாதனம்தான். அவர் மேல் பூசிய பெயின்டில்கூட ஈயம் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. தாண்டவில்லை என்று கம்பெனிக்காகக் கையெழுத்துப் போடுகிறவள் நான், தரப்பிரிவு சுப்ரியா.

சாமான் வாங்குவது பகவதிப்பெருமாள் அண்ணாச்சியின் பொறுப்பு. பன்னிரண்டு வருஷமாக எனக்கு அடுத்த மேசை. என் கல்யாணத்தில் பந்தியில் நின்று பரிமாறியவர், என்னை மகளாக நினைத்து ‘மோளே’ என்றுதான் கூப்பிடுவார். பெட்டிக்கு, ஒயருக்கு, அடாப்டருக்கு என்று எல்லாவற்றுக்கும் ரிப்போர்ட் தந்தார். பிள்ளையாருக்கு எங்கே என்று கேட்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“சாமிய அறுத்துப் பொடியாக்கவா அனுப்பச் சொல்லுக, மோளே? பாவம் கேட்டியா.”

எனக்கே வெட்கமாகிவிட்டது. கரமனையில் எங்கள் வீட்டில் ஒரு விக்ரகம் உடைந்தால்கூடக் குப்பையில் போடமாட்டோம், துணியில் சுற்றி ஆற்றில் கொண்டுபோய் விடுவோம். அந்த வீட்டுப் பெண் பிள்ளையாரை ரம்பத்துக்கு அனுப்புவதா என்று நினைத்தேன். ஈயம் இல்லை என்று பொம்மை செய்தவர் தந்த கடிதமே போதும் என்று அண்ணாச்சி சொன்னார். தலையாட்டிக் கையெழுத்துப் போட்டேன். அது என் தப்பு, இல்லை என்று சொல்லவில்லை. இரண்டாயிரம் பெட்டியும் கப்பல் ஏறிவிட்டன.

ஏப்ரலில் என் மகள் ஜானவிக்கு மூன்று வயது நிறைந்தது. அண்ணாச்சி ஒரு ஸ்லோகப் பெட்டியோடு வந்தார். பிள்ளையார் இல்லை. அதற்குத் தும்பிக்கை முறிந்துவிட்டது, வேறொன்று கொண்டுவருகிறேன் என்றார். அன்றிலிருந்து ஜானவி தினமும் பெட்டியில் பிள்ளையாரை மாட்டுகிற காலி ஓட்டைக்குள் விரலை விட்டு, பிள்ளையார் எப்போது வருவார் என்று கேட்கிறாள்.

சோதனைக்கூடத்துக்குப் போன் செய்தேன். ஈயம் ஆயிரத்தில் ஒன்பது பங்கு. ரிப்போர்ட்டை அந்த வாரமே ஈமெயிலில் அனுப்பிவிட்டோம் என்றார்கள். யாருக்கு என்று கேட்டேன். பகவதிப்பெருமாள் என்றார்கள்.

ஆக, நான் கேட்பதற்கு முன்னாலேயே பிள்ளையாரை ரம்பத்துக்கு அனுப்பியவர், இரண்டு மாதம் கழித்து என்னிடம் பாவபுண்ணியம் பேசியிருக்கிறார். நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அதை நான் அதுவரை ஒரு பேச்சு என்றுதான் நினைத்திருந்தேன்.

துண்டுகளைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். இந்தத் தடவை அவர் கை கன்னத்துக்குப் போகவில்லை.

முதலில் ரிப்போர்ட்டைப் பார்க்கவே இல்லை என்றார். பிறகு, பொம்மை இரண்டாயிரமும் வந்து இறங்கியிருந்தது, ஆர்டர் போனால் நாற்பது குடும்பம் என்ன செய்யும் என்றார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் நீ கையெழுத்துப் போடமாட்டாயே என்றார். என்னை அவ்வளவு நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார். எதைச் சொன்னால் நான் வாயை மூடுவேன் என்பதும் தெரிந்திருந்தது. அதுதான் தாங்கவில்லை.

நான் சமாதானம் ஆகிவிட்டேன் என்று நினைத்தாரோ என்னவோ, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“உனக்கு நான் துரோகம் செய்வேனா, மோளே? ஜானவிக்கு ஒண்ணும் வரப்பிடாதுன்னு பிள்ளையார எடுத்துட்டுல்லா குடுத்தேன்.”

முறிந்த தும்பிக்கை என்பதும் பொய். என் குழந்தையின் வாய்க்குப் போகக்கூடாதது எது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதையே இரண்டாயிரம் வீட்டுக்கு அனுப்ப என் கையெழுத்தை வாங்கியிருக்கிறார். இதை அன்பு என்று வேறு சொல்கிறார்.

“மத்த குழந்தைகளுக்கு என் கையாலன்னா கொடுக்க வெச்சுட்டேள், அண்ணாச்சி” என்றேன்.

என் இடத்துக்குப் போய் அந்த வியாபாரிக்கு எழுதினேன். உறுதிமொழியைத் திரும்பப் பெறுகிறேன், பிள்ளையாரை யார் கையிலும் கொடுக்கவேண்டாம், விற்றதைத் திருப்பி வாங்குங்கள், ரிப்போர்ட்டைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது நான். ஜனவரி ரிப்போர்ட் யாரிடம் இருந்தது என்பதையும் எழுதினேன். முதலாளிக்கு ஒரு நகல். இனி எனக்கு இங்கே வேலை இருக்குமா என்று தெரியாது. அண்ணாச்சி பின்னால் வந்து நின்று, மோளே, மோளே என்று இரண்டு தடவை கூப்பிட்டார். திரும்பிப் பார்க்காமல் அனுப்பினேன்.

சாயங்காலம் நான் கிளம்பும்போது அவர் அந்தத் துண்டுகளைத் துணியில் சுற்றி என்னிடம் நீட்டினார். வீட்டுக்குப் போகிற வழியில் கரமனை ஆற்றில் விட்டுவிடச் சொன்னார்.

“ஈயம் அண்ணாச்சி, ஆத்துல விடப்படாது. நீங்களே வெச்சுக்கோங்கோ.”

பஸ் கரமனைப் பாலத்தைத் தாண்டும்போது, ஜானவி இன்றைக்கும் பிள்ளையாரைக் கேட்பாள் என்று நினைவு வந்தது. இனி அவர் வரமாட்டார் என்று சொல்லிவிட வேண்டும்.