செங்கல்லில் ஒரு சின்னக் கால்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பின்லாந்தின் துர்கு நகரில், நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தில், பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பழம்பொருள்களுக்கு நகல் செய்கிறோம். அறுநூறு வருடத்துச் செங்கல் ஒன்று. காயும் முன்பே ஒரு குழந்தை அதை மிதித்திருக்கிறது. பொருளறிவியல்காரி துவோவி அதை ஸ்கேன் செய்து, புது தினுசு பிளாஸ்டிக்கில் வார்த்தாள். பிள்ளைகள் எவ்வளவு வேண்டுமானாலும் நசுக்கலாம். வெந்நீரில் போட்டால் வார்த்த வடிவத்துக்கே திரும்பிவிடும். "செங்கல்லுக்கும் சவுனா" என்பாள், இந்த ஊர் நீராவிக் குளியலைச் சொல்லி. கூடவே திரையில் ஓடும் கதை என் பொறுப்பு. குழந்தையின் பெயர் யாருக்கும் தெரியாது. இன்கேரி என்று நானே வைத்தேன்.

2

முதல் தொடக்கம்: 'இன்கேரி நொண்டிக்கொண்டே வந்தாள். அவள்...'

(பரிதாபம் வரட்டும் என்று நொண்ட வைத்தேன். மலிவான தந்திரம்தான், ஒப்புக்கொள்கிறேன்.)

மறுநாள் துவோவி போன் செய்தாள்.

"நேத்து லேப் பக்கம் வந்தியா?"

"இல்லையே, ஏன்?"

"வெந்நீர்லேருந்து எடுத்தேன். கால் ஒரு பக்கமா சாஞ்சிருக்கு. வார்க்கறப்ப நேரா இருந்துச்சு."

"உன் பிளாஸ்டிக்குக்கு வயசாயிடுச்சு. மறதி."

"அதுக்கு மறக்கவே தெரியாதும்மா. அதுக்குத்தானே நாலு வருஷம் மாரடிச்சேன்."

அவள் சிரிக்கவில்லை.

3

முடிவு (அ): 'அந்தக் குளிர்காலக் காய்ச்சலில் இன்கேரி இறந்துபோனாள்.'

எழுதி அரைமணி நேரம் ஆகவில்லை, துவோவியின் போன்.

"வழவழன்னு கெடக்கு. கால் இல்ல. மியூசியத்துல கேட்டேன். அசல்லயும் இல்லையாம். என்னடி எழுதித் தொலைச்சே?"

அந்த வரியை அழித்தேன். தடம் திரும்பி வந்தது, நொண்டலோடு.

முடிவு (ஆ): 'இன்கேரி வளர்ந்து, பேரன் பேத்தி எடுத்து...'

[இங்கேயே நிறுத்திவிட்டேன். பாதம் பெரிதாகி, செங்கல்லின் ஓரம் விரிசல் விட்டதாம்.]

"தயவுசெஞ்சு எதையும் முடிக்காதே. உனக்குப் புண்ணியமாப் போகும்."

4

திங்கட்கிழமை கதை பள்ளிகளுக்குப் போயாக வேண்டும். பாதி வாக்கியத்தில் விட்டுவிடுகிறேன். அவள் உயிரோடு இருக்க எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான். வாசகரே, நீங்களும் முடிக்காதீர்கள். மனதுக்குள்கூட வேண்டாம். எனக்குப் பயமாக இருக்கிறது.

'ஈரச் செங்கல்லில் கால் வைத்த இன்கேரி, அம்மா கூப்பிடுவது கேட்டுத் திரும்பிப் பார்த்தாள், பிறகு

போன் அடிக்கிறது. துவோவிதான்.

"கால் மறுபடி மாறுது. முடிச்சிட்டியா?"

"இல்லை."

"அப்ப யாரு?"