துணைச் செல்லின் காது

அவளுடைய நான்கு ஆண்டு உழைப்பின் விலை ஒரு பேனா. கறுப்புப் பேனா, தங்க முள், பெட்டியோடு. அவள் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தின் தலைவர் அவளுடைய அக்கா புருஷன்தான். கட்டுரை அச்சேறிய அன்று பேனாவை அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனார். கட்டுரையில் அவள் பெயர் கடைசி நன்றி வரியில், கண்ணாடிப் பாத்திரம் விற்றவருக்குப் பக்கத்தில் கிடந்தது.

"குடும்பத்துக்குள்ளதானேடி? பேரு யாருதா இருந்தா என்ன?" என்றாள் அக்கா.

நரம்பிழையைச் சுற்றிக்கொண்டிருக்கும் ஷ்வான் செல்கள் வெறும் உறை, அவற்றுக்கு ஒன்றும் கேட்காது என்றே அத்தான் சாதித்துவந்தார். நரம்பு செய்தி சொல்லச் சுரக்கும் அசிட்டைல்கோலினைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் அவற்றின் மேல் இருப்பதைக் காட்டியவள் அவள். நரம்பு பேசினால் துணைச் செல்லும் ஒட்டுக் கேட்கிறது. அதையேதான் அத்தான் தன் பெயரில் கட்டுரையாக்கிக்கொண்டார்.

அவள் சண்டை போடவில்லை. பேனாவை இழுப்பறையில் பூட்டிவிட்டுக் காத்திருந்தாள்.

கட்டுரையைத் தேர்ந்தெடுத்த பரிசுக் குழு சோதனையை நேரில் பார்க்க வந்தது. அத்தான் புதுக் கோட்டில் மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

"ஒரு சொட்டு அசிட்டைல்கோலின் விடறேன். அது கேட்டதும் சாயம் ஏத்தின செல்லெல்லாம் பச்சையா மின்னும், பாருங்க."

விட்டார். நுண்ணோக்கியின் திரை கல்லுளிமங்கனாக இருந்தது. இன்னொரு சொட்டு. ம்ஹூம்.

செல்களை வளர்க்க ஊற்றும் கன்றுக்குட்டி ரத்தச் சீரத்தில் ஒரு நொதி உண்டு. கழுவாமல் விட்டால், அசிட்டைல்கோலின் ஏற்பியைத் தொடுவதற்குள் அந்த நொதி அதைத் தின்று தீர்த்துவிடும். இத்தனை நாளும் கழுவிக் கொடுத்தவள் அவள். 'தண்ணி வேலை' என்று அதை அவர் கட்டுரையில்கூட எழுதவில்லை. இன்று அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"மருந்து பழசு போலிருக்கு," என்று அசடு வழிந்தார்.

குழுத் தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "வேற யாருக்காவது செய்யத் தெரியுமா?"

அத்தான் அவள் பக்கம் திரும்பினார். "கொஞ்சம் பாரும்மா..."

"பாக்கறேன் அத்தான். இது யாரு கண்டுபிடிச்சதுன்னு மட்டும் சொல்லிடுங்க. குடும்பத்துக்குள்ளதானே?"

அவர் முணுமுணுத்தார். "இவதான்."

"சத்தமா அத்தான். பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல."

சொன்னார். அவள் வேறொரு தட்டை எடுத்து நிதானமாகக் கழுவினாள். அவர் வேர்ப்பதைப் பார்க்கப் பார்க்க இன்னும் நிதானமாகக் கழுவினாள். பிறகு ஒரே சொட்டு. திரை முழுக்கப் பச்சை பற்றிக்கொண்டது.

அவள் பெயரைச் சேர்த்துப் பத்திரிகைக்குப் போன திருத்தத்தில் அவர் அந்தப் பேனாவால்தான் கையெழுத்துப் போட்டார். மூடியைத் திறந்து நீட்டியவள் அவள். "நீங்களே வச்சுக்குங்க அத்தான்."

பெயர் வரவு, பேனா பற்று. அத்தானோடு கணக்குத் தீர்ந்தது. அக்கா மட்டும் இன்னும் போனை எடுப்பதில்லை. அது நிலுவை.