பூமி ஜெயித்த பாடம்

ஜெபதாஸ் பார்த்தது சின்ன வேலைதான். நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்தில், பாடத்துக்கு வேண்டிய சாமான்களை எடுத்து வைப்பவன். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயின் வறண்ட காற்று அடிக்கும்போது மின்சாரப் பாடம் சொல்லுவது லேசு. ஐப்பசி மழையில் அப்படி இல்லை. எபோனைட் என்ற கெட்டி ரப்பர் கோலையும் கம்பளித் துணியையும் கரி அடுப்பில் காட்டி ஈரம் போக்கித் தர வேண்டும். இல்லையென்றால் கோல் வெறும் கம்பு. உள்ளங்கை தேயத் தேய்த்தாலும் மின்சாரம் தங்காது.

கொல்லம் ஆண்டு 1110 ஐப்பசியில் ஒருநாள் அவன் அடுப்பைப் பற்ற வைக்கவில்லை.

அன்றைக்கு ஒரே ஒரு வாத்தியார் வேலைக்கு வந்த இருவர் ஆளுக்கொரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். ஒருவன் சுந்தரராஜ், ஜெபதாசின் தங்கை லீமாவின் புருஷன். வேலையில்லாமல் வீட்டில் இருப்பவன். "ஒனக்க கையில ஒண்ணும் இல்லியா அண்ணா?" என்று முந்தின நாள் லீமா வந்து அழுதுவிட்டுப் போயிருந்தாள். சுந்தரராஜ் நெம்புகோல் பாடத்தை எப்படியோ ஒப்பேற்றிவிட்டான். அடுத்தது குளச்சல்காரன் அபுதாஹிர்.

"அண்ணே, கோல காய வச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டேதான் அவன் உள்ளே வந்தான்.

"எல்லாம் ஆச்சு" என்றான் ஜெபதாஸ்.

தலைமையாசிரியர் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அபுதாஹிர் அணுவை நேரில் பார்த்துவிட்டு வந்தவன் மாதிரிப் பேசினான். புரோட்டானும் எலெக்ட்ரானும் தங்கள் எடையால் ஒன்றையொன்று இழுக்கின்றன, மின்சாரத்தாலும் இழுக்கின்றன. இரண்டில் எது பெரிது? ஒன்று போட்டுச் சுழி சுழியாக எழுதிக்கொண்டே போனான். முப்பத்தொன்பது சுழி முடிவதற்குள் கரும்பலகை முடிந்துபோனது. பையன்கள் சிரித்தார்கள்.

"மின்சாரம் இத்தன மடங்கு பெருசு, கேட்டியளா? இந்தப் பேப்பர் துண்ட பூமி முழுசும் சேந்து கீழ இழுக்குது. இந்தச் சின்னக் கோல் அத மேல தூக்கப் போவுது."

தேய்த்தான். நீட்டினான். காகிதம் அசையவில்லை. மறுபடி தேய்த்தான். நெற்றி வேர்த்ததுதான் மிச்சம். இப்போது பையன்கள் சிரித்தது வேறு சிரிப்பு. "பூமிதான் ஜெயிச்சுது போல" என்று தலைமையாசிரியர் எழுந்துகொண்டார். வேலை சுந்தரராஜுக்கு என்று அப்போதே தெரிந்துவிட்டது.

சொல்லிவிடலாம், இப்போதே சொல்லிவிடலாம் என்று ஜெபதாஸ் நினைத்தான். லீமாவின் முகம் நினைவுக்கு வந்தது. குனிந்து காகிதத் துண்டுகளைப் பொறுக்கினான்.

அபுதாஹிர் கோலைக் கொண்டுவந்து பத்திரமாக மேசையில் வைத்தான். "நீங்க நல்லாத்தான் காய வச்சுத் தந்திய அண்ணே. எனக்க கை வேர்த்துக் கெடுத்துப்போட்டு. வாப்பா அப்பவே சொன்னாவ, கடையில வந்து இருலேன்னு. இனி அதுதான்." சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனான்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். ஜெபதாசுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பைப் பற்ற வைத்தான். கோலையும் துணியையும் சூடு காட்டித் தேய்த்துக் காகிதத்தின் பக்கம் கொண்டுபோனான். துண்டுகள் துள்ளி எழுந்து கோலில் ஒட்டின. சில தெறித்து அவன் சட்டைக் கையிலும் ஒட்டின.

"குடைய மறந்துட்டேன்" என்றபடி அபுதாஹிர் வாசலில் நின்றான்.

அவன் கோலைப் பார்த்தான். அடுப்பில் அப்போதுதான் பிடித்திருந்த கரியைப் பார்த்தான். ஜெபதாசின் முகத்தையும் பார்த்தான்.

"அப்பம், நான் போட்ட கணக்கு தப்பல்ல" என்றான் மெதுவாக. குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஜெபதாஸ் சட்டைக் கையை உதறினான். காகிதம் விழவில்லை. மறுபடியும் உதறினான்.